வாந்தியும் விருந்தும்

வட்டிக்கு விடுபவரின் மனைவி, லஞ்சம் வாங்கும் அதிகாரியின் பிள்ளைகள் சாப்பிடும் சோறு ஹராமா? பயான்களில் இந்தக் கேள்வி வந்தால் அபூபக்ர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி தவறாமல் வரும். இன்னொரு நபித்தோழரான இப்னு மஸ்ஊத் (ரலி) சொன்ன தீர்ப்பு அவ்வளவாகக் காதில் விழுவதில்லை.

முதலாவது, புகாரியில் ஆயிஷா (ரலி) அறிவிப்பது. அபூபக்ரின் அடிமை ஒருவர் தம் சம்பாத்தியத்தில் ஒரு பங்கை எஜமானுக்குக் கொடுத்துவந்தார். ஒருநாள் அவர் கொண்டுவந்ததை அபூபக்ர் சாப்பிட்ட பிறகுதான் விவரம் தெரிந்தது. அறியாமைக் காலத்தில் அந்த அடிமை ஒருவருக்குக் குறி சொல்லியிருந்தார். அந்த வித்தையும் தெரியாது, வெறும் ஏமாற்று. அதற்கான கூலிதான் இப்போது வந்திருந்தது. அபூபக்ர் வாய்க்குள் கையை விட்டு, வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தியெடுத்தார்.

இரண்டாவது, அப்துர் ரஸ்ஸாக்கின் ‘முஸன்னஃப்’ தொகுப்பில் இருக்கிறது. வட்டி வாங்கும் அண்டைவீட்டுக்காரர் விருந்துக்குக் கூப்பிடுகிறார், போகலாமா என்று ஒருவர் கேட்டார். சாப்பிடும் சுகம் உமக்கு, பாவம் அவருக்கு என்ற பொருளில் இப்னு மஸ்ஊத் பதில் சொன்னார்.

அபூபக்ர் தம் வயிற்றுக்குத் தாமே கண்டிப்பு விதித்துக்கொண்டார். இப்னு மஸ்ஊத் கேட்டு வந்தவருக்குச் சட்டம் சொன்னார். பின்னவரைப் பின்பற்றும் சட்ட அறிஞர்களின் வாதம் இது: வட்டியின் குற்றம் கொடுக்கல் வாங்கலில் இருக்கிறது, அதே பணம் மனைவி கைக்கு ஜீவனாம்சமாக வரும்போது அவளுக்கு உரிய வழியில்தான் வருகிறது. யூதர்கள் வட்டி வாங்கியதைக் குர்ஆன் கண்டிக்கிறது. நபியவர்களோ தம் கவசத்தை ஒரு யூதரிடம் அடகு வைத்து வீட்டுக்கு வாற்கோதுமை வாங்கினார்கள். எனக்கு இந்த வாதமே வலுவாகப் படுகிறது. அபூபக்ரின் பேணுதலை வேறு வருமானமில்லாத பெண்ணின் தலையில் சட்டமாகச் சுமத்துவது முறையல்ல.

இமாம் அஹ்மத் பின் ஹன்பலின் வீட்டில் பேணுதலும் சட்டமும் மோதிக்கொண்டன. கலீஃபா முதவக்கில் அனுப்பிய பணத்தைப் பிள்ளைகள் வாங்கியதால், அவர்கள் வீட்டுக்கும் தம் வீட்டுக்கும் இடையிலிருந்த கதவை அவர் அடைத்துவிட்டார். அந்தப் பணம் ஹராமா என்று கேட்டபோது, இல்லை, நான்தான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்றார். இமாம் கஸ்ஸாலியும் ஏறக்குறைய இந்தத் தடத்தில்தான் போகிறார்: வீட்டில் ஹலாலும் சந்தேகமானதும் கலந்திருந்தால், குடும்பத் தலைவர் ஹலாலை முதலில் தமக்கு ஒதுக்கிக்கொள்ள வேண்டும், கேள்விக்கணக்கு அவருக்கே கூடுதல். பெற்ற மனதுக்கு இது தலைகீழாகத்தான் தோன்றும்.

இப்னு மஸ்ஊதின் சலுகைக்கும் எல்லை உண்டு. திருட்டுப் பொருளுக்கு உரியவர் இருக்கிறார். அது யார் தட்டில் இருந்தாலும் அவரிடம் திரும்பவேண்டும். சம்பாதிக்கத் தெம்புள்ள மகன், பாவமெல்லாம் வாப்பாவுக்குத்தானே என்று உட்கார்ந்து சாப்பிட இந்தத் தீர்ப்பைத் துணைக்கு அழைப்பதும் அநியாயம்.