கூலிக்குக் கட்டடம் பிணையான கதை

காஞ்சிபுரத்தில் சாயம் போடுகிறவர் கையில் ஒரு பிடி உண்டு. வந்த பட்டு நூலை வேகவைத்துப் பசை போக்கி, அரக்குச் சாயத்தில் முக்கி, பிழிந்து, கொடியில் உலர்த்தி முடித்துவிட்டார், கூலி வரவில்லை. நூலைத் தர மாட்டேன் என்று அவர் சொல்லலாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170-ஆம் பிரிவு, அவர் பக்கம் நிற்கிறது. பட்டை தீட்டிய வைரத்தைக் கூலி வரும்வரை நகைக்காரர் வைத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே உதாரணம் இருக்கிறது. கடனுக்கு ஒத்துக்கொண்டிருந்தால் மட்டும் பிடி போச்சு: அடுத்த உதாரணத்தில், 3 மாதத் தவணை கொடுத்த தையல்காரர் கோட்டைக் கொடுத்தே ஆகவேண்டும்.

அதே ஊரில், காந்தி ரோட்டில் வாடகைக் கட்டடத்தில் ஒருவர் பட்டுக் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஷெல்ஃபும் ஃபால்ஸ் சீலிங்கும் போட்டுக்கொடுத்த கான்ட்ராக்டருக்கு இந்த உரிமை இல்லை. சுவரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாதே.

இந்தக் குறைக்கு அமெரிக்காவில் ஒரு வழி கண்டார்கள். 1791. வாஷிங்டன் தலைநகர் அப்போது வரைபடத்தில்தான் இருந்தது. தரையில் வயலும் காடும். கட்டுகிறவர்கள் நம்பி வரவேண்டும். அமெரிக்கத் தலைவர்களான ஜெஃபர்சனும் மாடிசனும் நகர ஆணையர்களோடு கலந்து பேசினார்கள். டிசம்பரில், தலைநகருக்கு நிலம் தந்த மேரிலாந்தின் சட்டமன்றம் சட்டம் போட்டது. கூலியோ பொருள் விலையோ பாக்கியிருந்தால் கட்டடமே பிணை. தொழிலாளி மேல் வந்த இரக்கம் என்று இதை நான் சொல்ல மாட்டேன். ஊர் சீக்கிரம் எழும்ப வேண்டுமே என்ற அவசரம்தான்.

மற்ற மாநிலங்களுக்கும் பரவியபின் வம்பு வந்தது. வாடகைக்காரர் சொல்லிச் செய்த வேலைக்கு உரிமையாளரின் கட்டடம் ஏன் மாட்டவேண்டும்? உரிமையாளர் சம்மதம் இருந்தால்தான் கட்டடம், இல்லையென்றால் வாடகைக்காரரின் குத்தகை உரிமை மட்டும் என்று பல மாநிலங்கள் பிரித்துவைத்தன.

இந்தச் சட்டம் இங்கே வந்து சேரவேயில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, வாடகைக்காரர் தான் பொருத்தியதை, இடம் தன் வசம் இருக்கும்வரை கழற்றிக்கொண்டு போகலாம். இடத்தை வாங்கியபடி ஒப்படைக்கவேண்டும், அவ்வளவுதான். கான்ட்ராக்டர் பேச்சே அங்கே இல்லை. அவர் 3 வருடத்துக்குள் வாடகைக்காரர் மேல் வழக்குப் போடலாம். ஆளைத் தேடுவது அவர் பாடு. கட்டடம் கோயிலுடையது என்றால் கேட்கவே வேண்டாம். 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டப்படி, ஆணையர் அனுமதியில்லாமல் அதை அடமானம்கூட வைக்க முடியாது.

ஆனால் வாடகைக்காரர் வைத்த ஒரு பாக்கி கட்டடத்தை எளிதில் விடாது: கரண்ட் பில். ஏலத்தில் கட்டடம் எடுத்தவரானாலும், பழைய பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று விதி வைக்கலாம் என 2023 மே மாதம் கே.சி. நினன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அட்வான்ஸைத் திருப்பித் தருமுன் வீட்டுக்காரர் ஈ.பி. ரசீதைக் கேட்பது சும்மா அல்ல.

கான்ட்ராக்டருக்கு மிச்சமிருப்பது எஸ்டிமேட் காகிதம். பணத்துக்கு நானும் பொறுப்பு என்று உரிமையாளரையும் அதில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லலாம். போட்டால் அவர் மேலும் வழக்குத் தொடுக்கலாம். கட்டடம் அப்போதும் தானாகப் பிணையாகிவிடாது.