வெப்பமூட்டப்படாத அண்டை வீட்டால் வரும் குளிரும் ஓதமும்

பொதுச்சுவரால் இணைந்த இரு வீடுகளில் ஒன்று பூட்டிக் கிடந்தாலோ, அதில் குடியிருப்பவர் செலவுக்கு அஞ்சிக் கணப்பை அணைத்து வைத்தாலோ, மற்ற வீட்டில் குளிர் ஏறும். பல வீடுகளில் அதைத் தொடர்ந்து சுவரில் ஓதமும் பூஞ்சணமும் காணும். வீடுகளை ஒட்டி ஒட்டிக் கட்டும் வழக்கம் வேரூன்றிய பிரிட்டனில் இச்சிக்கல் பரவலானது. 19-ஆம் நூற்றாண்டில் ஆலைத் தொழிலாளர்களுக்கென எழுந்த வரிசை வீடுகளில், கோடியில் இருப்பவை தவிர ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் பொதுச்சுவர் உண்டு. லீட்ஸ் நகரில் முதுகோடு முதுகாகக் கட்டப்பட்ட வீடுகளில் பின்சுவரும் பொதுச்சுவரே. இலங்கைத் தமிழர் மிகுதியாக வாழும் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ போன்ற லண்டன் பகுதிகளிலும் வரிசை வீடுகளும் இரட்டை வீடுகளும் நிறைய உள்ளன.

குளிரும் ஓதமும் சேர்ந்தே தென்பட்டாலும் அவை வரும் வழிகள் வேறு. குளிர் என்பது வெப்ப இழப்பு. அதற்குச் சுவரின் இருபுறமும் வெப்பநிலை வேறுபட்டிருந்தால் போதும். ஓதத்துக்குத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் அண்டை வீட்டுக் கூரையிலிருந்தோ குழாயிலிருந்தோ வந்திருக்கலாம். பாதிக்கப்பட்ட வீட்டின் சமையலறை ஆவியாகவும் இருக்கலாம். எது என்று அறியாமல் செய்யும் செலவு பெரும்பாலும் வீண்.

பழைய வரிசை வீடுகளின் பொதுச்சுவர் வழக்கமாக 9 அங்குலக் கனமுள்ள செங்கல் சுவர், இருபுறமும் பூச்சு. ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு அதன் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் சுமார் 1.7 வாட் வெப்பம் கடக்கும். இரு வீடுகளும் ஒரே வெதுவெதுப்பில் இருக்கும்வரை எதுவும் கடப்பதில்லை. கட்டடங்களின் ஆற்றல் கணக்கீடுகளும் இதை நம்பியே திடமான பொதுச்சுவரின் இழப்பைச் சுழியம் என்று கொள்கின்றன. அடுத்த வீடு ஆறிப்போனால் கணக்கு மாறுகிறது. இங்கே 20 டிகிரி, அங்கே 10 டிகிரி, பொதுச்சுவர் 40 சதுர மீட்டர் என்றால் இழப்பு ஏறக்குறைய 700 வாட். ஒரு சிறிய மின்கணப்பை அண்டை வீட்டில் இரவும் பகலும் எரியவிடுவதற்கு அது சமம். நாளொன்றுக்கு 16 யூனிட்டுக்கு மேல் போகிறது. இரு பக்கமும் வெப்பமூட்டிய வீடுகளுக்கு நடுவே கிடக்கும் வெற்று வீடு இருவரிடமும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளிக்காற்றைவிடச் சற்று இதமாகவே இருக்கும். வரிசையின் கோடியில் இருக்கும் வெற்று வீடு மூன்று பக்கமும் குளிர்ந்து, தன் ஒரே அண்டை வீட்டை அதிகம் வாட்டும்.

பின்னாளில் நடுவே இடைவெளி விட்டுக் கட்டிய இரட்டைப் பொதுச்சுவர்களில் வேறொரு குறை வெளிப்பட்டது. ஆல்ட்ரிங்கம் அருகே ஸ்டாம்ஃபோர்ட் புரூக் குடியிருப்பில் லீட்ஸ் மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, இரு வீடுகளும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே அந்த இடைவெளி வழியாகச் சூடான காற்று மேலேறிக் கூரைக்குள் போய் வெப்பத்தைக் கொண்டுசெல்வது தெரிந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் கட்டட விதிகள் 2010-இல் இதைக் கணக்கில் எடுத்தன. இடைவெளியை நிரப்பி ஓரங்களையும் அடைத்த சுவருக்கு மட்டுமே இப்போது சுழிய இழப்பு ஏற்கப்படுகிறது. மிகப் பழைய வரிசைகள் சிலவற்றில் கூரைக்கடியில் பொதுச்சுவரே எழுப்பப்படாமல் விட்டிருப்பார்கள். அங்கே குளிர்காற்று மட்டுமன்றித் தீயும் தடையின்றிப் பரவும். அதை அடைப்பது முதல் வேலையாக வேண்டும்.

குளிர்ந்த பொதுச்சுவர் எப்போது ஓதச் சுவராகிறது என்பதைக் காற்றின் இயல்பு தீர்மானிக்கிறது. 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும்; 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று அதிகமாக மட்டுமே தாங்கும். 20 டிகிரியில் 60 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமுள்ள அறைக்காற்றின் பனிநிலை 12 டிகிரி. அதற்கும் கீழே குளிர்ந்த பரப்பில் நீர்த்துளி படியும். பூஞ்சணத்துக்கு அவ்வளவு ஈரமும் தேவையில்லை. பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் தொடர்ந்து 80 விழுக்காட்டைத் தாண்டினாலே முளைத்துவிடும். மேற்சொன்ன காற்றுக்கு அந்த எல்லை 15 டிகிரியை ஒட்டி வருகிறது.

அண்டை வீடு 10 டிகிரியில் இருந்தாலும், 20 டிகிரிக்கு வெப்பமூட்டிய அறையில் பொதுச்சுவரின் உட்பரப்பு 18 டிகிரியை ஒட்டியே நிற்கும். அங்கே ஓதம் பிடிக்கக் காரணமில்லை. ஆபத்து வெப்பமூட்டாத படுக்கையறையில் இருக்கிறது. அந்த அறை 14 டிகிரியிலும் அடுத்த வீடு 6 டிகிரியிலும் இருந்தால் சுவர்ப்பரப்பு 12 டிகிரிக்கு இறங்கும். கீழ்த்தளத்தில் சோறு வடித்த ஆவியும், இட்லிச் சட்டியின் ஆவியும், கணப்பின்மேல் உலர்த்திய துணியின் ஈரமும் மாடிப்படி வழியே ஏறி அங்கேயே படியும். ஒருமுறை துவைத்த துணியை வீட்டுக்குள் உலர்த்தினால் மட்டும் சுமார் 2 லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. சுவரோடு ஒட்டிய அலமாரியின் பின்புறமும், பொதுச்சுவர் வெளிச்சுவரைச் சந்திக்கும் மூலையும் இன்னும் குளிர்ந்தவை. பூஞ்சணம் கறுப்புப் புள்ளிகளாக முதலில் தோன்றுவது அங்கேதான். பணத்தை மிச்சப்படுத்தக் குழந்தைகளின் அறையில் கணப்பை அணைப்போர் உண்டு. ஆனால் மூச்சுக்குழல் நோய்களுக்கு எளிதில் ஆளாகிறவர்கள் குழந்தைகள். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுநல வழிகாட்டுதல்கள் குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது வேண்டும் என்கின்றன. ரோச்டேலில் பூஞ்சணம் பிடித்த வாடகை வீட்டில் வளர்ந்த அவாப் இஷாக் என்னும் இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. அச்சாவு, சமூக வீட்டு உரிமையாளர்கள் ஓதப் புகார்களைக் குறித்த காலத்துக்குள் தீர்க்க வேண்டும் என்ற சட்டத்துக்கு வழிவகுத்தது.

அண்டை வீட்டிலிருந்து மெய்யாகவே தண்ணீர் வரும் வழிகளும் உண்டு. வரிசை வீடுகளின் கூரைப் பீலிகள் ஒன்றோடொன்று தொடர்ந்து ஓடுபவை. ஆளில்லாத வீட்டுப் பீலியில் சருகு அடைத்தால் மழைநீர் இரு வீட்டுச் சுவரிலும் வழியும். லண்டனின் பல வரிசைகளில் கூரைகள் நடுவில் தாழ்ந்து, இருபுறமும் பொதுச்சுவரை நோக்கி உயரும். அங்கே ஈயத் தகட்டு மூட்டு விட்டுப்போனால் நீர் நேரே பொதுச்சுவரின் தலையில் இறங்கும். இருவருக்கும் பொதுவான புகைபோக்கி இன்னொரு வழி. நெருப்பு மூட்டாத புகைவழியில் மழை இறங்கி, பழைய கரியிலுள்ள உப்புகளைக் கரைத்துப் பூச்சுக்குக் கொண்டுவருகிறது. இந்த உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், கசிவை நிறுத்திய பிறகும் மழைநாளில் பழுப்புத் திட்டு தெரியும். தென்வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் சரிவில் படிபடியாக ஏறும் வரிசைகளில் மேல்வீட்டின் மண் கீழ்வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கும்; அங்கே ஓதம் பக்கவாட்டிலிருந்து வருகிறது. கடும் உறைபனியில் வெற்று வீட்டுக் குழாய் வெடிப்பது எல்லாவற்றிலும் கொடியது. பூட்டிய கதவுக்குப் பின்னால் நாள்கணக்கில் தண்ணீர் ஓடினாலும் யாருக்கும் தெரியாது.

ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்த வெற்று வீடு, செர்புலா லாக்ரிமான்ஸ் என்னும் மரம் அரிக்கும் பூஞ்சைக்கு ஏற்ற இடம். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் இது தொற்றும் அபாயம் எழும். இதன் இழைகள் செங்கல் இடுக்கின் சாந்து வழியாகப் பொதுச்சுவரைக் கடந்து அடுத்த வீட்டு உத்திரத்தை எட்டக்கூடியவை. பொதுச்சுவரருகே தரைப்பலகை அமுங்கினாலோ, காளான் வாடை வந்தாலோ, செந்தூள் படிந்தாலோ உடனே பலகையைத் திறந்து பார்ப்பது அவசியம்.

காரணத்தைக் கண்டறிய எளிய வழிகள் உள்ளன. வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் மலிவான அளவியை ஓர் அறையில் சில வாரம் வைத்துப் பார்த்தால் ஆவியின் அளவு தெரியும். ஓதத் திட்டின்மேல் அலுமினியத் தாளை ஒட்டி ஓரங்களை அடைத்துச் சில நாள் விட்ட பின், அறைப்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்தால் சுவரின் ஈரம். மழைக்குப் பின் திட்டு பெரிதாவதும், தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள் நிற்பதும், புகைபோக்கியை ஒட்டியே இருப்பதும் தனித்தனிக் கதை சொல்பவை. ஊசி குத்திப் பார்க்கும் மின் அளவியை மட்டும் நம்புவது தவறு. உப்பேறிய உலர்ந்த சுவரையும் அது ஈரமென்று காட்டும். அதை ஆதாரமாக்கிச் சுவரடியில் மருந்து செலுத்தும் வேலையை விற்பவர்கள் உண்டு.

ஆவியே காரணமானால் மருந்து வெப்பமும் காற்றோட்டமும்தான். எல்லா அறையிலும் கணப்பைத் தணித்து, நீண்ட நேரம் எரியவிடுவது மாலையில் இரண்டு மணிநேரம் கொதிக்கவிடுவதைவிட நல்லது. சமையலறையிலும் குளியலறையிலும் வெளியே ஊதும் விசிறி வேண்டும். அலமாரியைப் பொதுச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைக்க வேண்டும். ஈரநீக்கி வாங்குவோர், குளிர்ந்த அறைகளில் குளிர்பதன வகை திறனிழக்கும் என்பதையும், ஈரம் உறிஞ்சும் பொருள் கொண்ட வகையே அங்கே உதவும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பூஞ்சணத்தின்மேல் சாயம் பூசி மறைப்பதால் பயனில்லை. அது சில வாரங்களில் திரும்பும்.

குளிரே முதன்மைத் தொல்லை என்றால் பொதுச்சுவரின் தன் பக்கத்தில் காப்புப் பலகை பதிக்கலாம். 5 சென்டிமீட்டர் உயர்தர நுரைப்பலகை மேற்சொன்ன 700 வாட் இழப்பை 140 வாட் அளவுக்குக் குறைக்கும். அறையின் அகலம் சற்றுக் குறைவது சிறு இழப்பு. பெரிய கேள்வி உத்திரங்களுடையது. காப்பிட்ட பின் பழைய செங்கல் முன்பைவிடக் குளிர்ந்துபோகும். அதில் செருகிய உத்திர முனைகளில் ஈரம் தங்கினால் மரம் அழுகும். ஆகவே அறையின் ஆவி பலகைக்குப் பின்னால் புகாதபடி மூட்டுகளை அடைக்க வேண்டும். ஈரமுள்ள சுவரைக் காயவிடாமல் காப்பிடவே கூடாது. பழைய சுவரில் சிமென்ட் பூச்சும் நீர்புகாச் சாயமும் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து வேறிடத்தில் வெளிப்படுத்தும். சுண்ணாம்புப் பூச்சு அதை ஆவியாகிப் போகவிடும். அண்டை வீட்டில் சில மாதங்களில் மீண்டும் ஆள் குடியேற இருந்தால் இச்செலவே தேவைப்படாமல் போகலாம்.

இங்கிலாந்து, வேல்ஸில் 1997 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள 1996-ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டத்தின்படி, பூச்சு வேலைக்கோ பலகை மாட்ட ஆணியடிப்பதற்கோ அறிவிப்பு வேண்டாம். சுவரின் முழுக் கனத்துக்கும் ஓதத் தடுப்புப் படலம் செருகுவது போன்ற வேலைக்கு அடுத்த வீட்டு உரிமையாளருக்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

அண்டை வீட்டார் கணப்பு மூட்டியே ஆக வேண்டும் என்று கேட்கும் உரிமையைச் சட்டம் தருவதில்லை. வாரிக் நகரில் ஒரு வீடு இடிக்கப்பட்டதால் திறந்துபோன அடுத்த வீட்டுச் சுவரில் மழை புகுந்து, உறைந்து, வெடிப்பு விட்டது. பிப்ஸ் எதிர் பியர்ஸ் என்ற அந்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் டென்னிங் பிரபு, வானிலையிலிருந்து காக்கப்படும் உரிமை என ஒன்று அண்டை நிலத்தின்மேல் கிடையாது என்றார். 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் கடுமையைக் குறைத்தது: பொதுச்சுவரைத் திறந்துவிடுபவர் அதற்குப் போதிய மழைக்காப்பும் செய்துதர வேண்டும். ரீஸ் எதிர் ஸ்கெரட் வழக்கில் 2001-இல் நீதிமன்றமும் அத்தகைய அக்கறை உரிமையாளரின் கடமை என்றது. ஸ்காட்லாந்தில் அடுக்கு வீடுகளுக்கான 2004-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தெளிவானது. மற்ற வீடுகளுக்குத் தாங்கலும் மறைப்பும் தரும் பகுதியை அதன் உரிமையாளர் பழுதின்றி வைத்திருக்க வேண்டும்.

ஒழுகும் கூரை, வெடித்த குழாய் போன்றவற்றில் நிலைமை வேறு. உடல்நலத்துக்குக் கேடாகும் நிலையைச் சரிசெய்யும்படி 1990-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சி மன்றம் உத்தரவிடலாம். அவசரமானால் 1984-ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டத்தின்கீழ் அறிவிப்புக் கொடுத்து, மன்றமே பழுதுபார்த்துச் செலவை உரிமையாளரிடம் வசூலிக்கலாம். இங்கிலாந்தில் ஓராண்டுக்கு மேல் சாமான்களின்றி வெறுமையாகக் கிடக்கும் வீட்டுக்கு 2024 ஏப்ரல் முதல் மன்ற வரியை இரட்டிப்பாக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. நடைமுறையில் இவற்றைவிட விரைவாகப் பலன் தருவது காப்புறுதி பற்றிய பேச்சு. ஆளில்லா வீட்டுக்கான காப்புறுதியைப் பல நிறுவனங்கள் 30 அல்லது 60 நாளோடு சுருக்கிவிடும். கணப்பைத் தாழ்நிலையில் ஓடவிடு, அல்லது குழாய்களை வடித்துவிடு என்று நிபந்தனையும் வைக்கும். இதை நினைவூட்டி, பீலியைச் சுத்தம் செய்யவும் மாதமொருமுறை உள்ளே பார்த்துவரவும் ஒரு சாவியைத் தன்னிடம் விடும்படி கேட்கும் அண்டை வீட்டாருக்கு உரிமையாளர்கள் பெரும்பாலும் இணங்குகிறார்கள்.