மலைச்சாலை சரிவது ஏன், சீரமைப்பது எப்படி? கோட்ரோபி நிலச்சரிவு ஒரு பார்வை

இமாச்சலப் பிரதேச மாநிலம் மண்டி மாவட்டத்தில், மண்டி - பதான்கோட் தேசிய நெடுஞ்சாலையில் உள்ளது கோட்ரோபி. 2017 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் அங்கு மலைச்சரிவு பெயர்ந்து விழுந்ததில், இரண்டு அரசுப் பேருந்துகள் மண்ணில் புதைந்தன. 46 பேர் உயிரிழந்தனர். சுமார் 300 மீட்டர் நீளத்துக்குச் சாலை அழிந்தது. அதே சரிவு 1977, 1997 ஆகிய ஆண்டுகளிலும் நகர்ந்ததாகப் பதிவுகள் உள்ளன.

காரணம் என்ன?

இமயமலையின் முக்கியப் பிளவுப் பகுதிக்கு அருகே அமைந்திருப்பதால் இங்குள்ள பாறைகள் நொறுங்கிய நிலையில் உள்ளன. மழைநீர் உள்ளிறங்கும்போது மண்ணின் எடை கூடுகிறது. நீரழுத்தம் உயர்ந்து மண்ணின் பிடிமானம் தளர்கிறது. சாலைக்காக அடிவாரத்தை வெட்டும்போது மேற்பகுதியைத் தாங்கும் பிடிப்பும் குறைகிறது.

ஆய்வு முறை

சாலையில் குவிந்த மண்ணை உடனே அள்ளுவது ஆபத்தாகலாம். சில நேரங்களில் மேலுள்ள சரிவை அந்த மண்ணே தாங்கி நிற்கும். எனவே, வெடிப்புகள், ஊற்றுகள், சாய்ந்த மரங்கள் ஆகியவை முதலில் வரைபடத்தில் குறிக்கப்படுகின்றன. பின்னர் துளையிட்டு மண், பாறை மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. துளைகளில் பொருத்தப்படும் சாய்வுமானி, எந்த ஆழத்தில் நிலம் நகர்கிறது என்பதைக் காட்டும்; நீரழுத்தமானி நிலத்தடி நீரின் அழுத்தத்தை அளவிடும்.

முதலில் வடிகால், பிறகு சுவர்

சரிவின் தலைப்பகுதிக்கு மேலே வடிகால் வெட்டி மழைநீரைத் திருப்பிவிடுவதே சீரமைப்பின் முதல் பணி. உள்ளே தேங்கிய நீரை வெளியேற்ற, துளையிட்ட குழாய்கள் கிடைமட்டமாகச் செலுத்தப்படுகின்றன. அதன் பிறகே கம்பிவலைக் கற்சுவர், தாங்குசுவர், பாறையில் இறக்கும் எஃகுத் தண்டுகள், வேர்ப்பிடிப்புள்ள தாவரங்கள் ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன. நழுவும் பரப்புக்குக் கீழே அடித்தளம் இறங்காத சுவர், மண்ணோடு சேர்ந்தே நகர்ந்துவிடும்.

எச்சரிக்கைக் கருவிகள்

முழுமையாக நிலைப்படுத்த முடியாத இடங்களில் கண்காணிப்பே உயிர்காக்கும் வழியாகிறது. மண்டி ஐஐடி உருவாக்கிய குறைந்த செலவிலான உணர்கருவிகள் 2018-இல் கோட்ரோபியில் நிறுவப்பட்டன. அதே மழைக்காலத்தில் அவை முன்கூட்டியே எச்சரித்ததால், சாலை அடித்துச் செல்லப்படும் முன்பே போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் மதிப்பீட்டின்படி, பனிமூடிய பகுதிகள் நீங்கலாக, நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 4.2 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது 12.6 சதவீதம், நிலச்சரிவு அபாயம் கொண்டது. மண்ணை அகற்றிச் சாலையைத் திறப்பது தற்காலிகத் தீர்வு மட்டுமே. நீரின் பாதையும் நழுவும் பரப்பின் ஆழமும் கண்டறியப்படாத வரை, அடுத்த கனமழையிலும் அதே இடம் சரியக்கூடும்.