நோயுற்ற நாளும் கூலியும்

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் பெரும்பாலும் நாட்கூலிகளாகவே வாழ்ந்தனர். விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்தவர்க்கே அன்றைய கூலி. மலேரியாக் காய்ச்சல் மலிந்திருந்த அக்காலத்தில் நோயுற்றவன் இருமுறை வதைபட்டான்: உடலும் நொந்தது, அடுப்பும் அணைந்தது.

இந்நிலையை மாற்றிய சட்டங்கள் படிப்படியாகவே வந்தன. பணியிடத்தில் காயமுற்றோர்க்கு முதலாளி இழப்பீடு வழங்க 1952ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது. 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தால் அமைந்த சொக்சோ 1971இல் பணி தொடங்கிற்று. வேலையில் காயமுற்று நான்கு நாளேனும் மருத்துவ ஓய்வு பெறும் காப்புறுதியாளர்க்கு, சராசரி நாள் ஊதியத்தில் 80 விழுக்காட்டை அது வழங்குகிறது.

வேலையைச் சாராத நோய்க்கும் ஊதியம் உண்டு. 1957 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் பலமுறை திருத்தம் பெற்றது. இன்று தீபகற்ப மலேசியாவில் அதன்படி, ஈராண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவர்க்கு ஆண்டுக்கு 14 நாளும், ஐந்தாண்டு நிறையாதோர்க்கு 18 நாளும், நிறைந்தோர்க்கு 22 நாளும் ஊதியத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள். 2023 முதல் அது தனிக்கணக்கு.

ஆயினும், மருத்துவரின் சான்று வேண்டும். 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்கு அறிவித்தலும் வேண்டும். தவறினால் அவ்விடுப்பு அனுமதியின்றி வராமையாகக் கொள்ளப்படும். இதனை அறியாத தொழிலாளிக்குச் சட்டம் இருந்தும் பயனில்லை. ஆதலின் இவ்வரலாறு நம் வகுப்பறைகளில் கற்பிக்கத் தக்கது. மாணவர் வாயிலாக அது இல்லங்களுக்கும் சென்று சேரும்.