வக்கீல் நுழையாத மன்றம்

கோர்ட்டு என்றால் கறுப்பு அங்கி என்றே பழகிவிட்ட நமக்கு, வக்கீல்கள் வாதாடக் கூடாத நீதிமன்றம் என்று ஒன்று இருப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1921 முதல் அப்படி ஒன்று நடந்து வருகிறது. சிறு தொகைக்கான வழக்குகளில் வாதியும் பிரதிவாதியும் தாமே நீதிபதி முன் நின்று தம் கதையைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் 50 டாலர் வரையிலான பிராதுகளே ஏற்கப்பட்டன. 2024 முதல் தனிநபருக்கு 12,500 டாலர் வரை இடமுண்டு.

இந்த யோசனைக்கு முன்னோடி உண்டு. 1518-லேயே லண்டன் நகரில் சில்லறைக் கடன்களுக்கென்று தனி மன்றம் ஏற்பட்டது. அதன் வழித்தோன்றல் 1753-ஆம் ஆண்டுச் சாசனத்தின் மூலம் நம் சென்னப்பட்டணத்துக்கும் கப்பலேறி வந்து, 5 வராகன் வரையிலான வழக்குகளை விசாரித்தது. ஆனால் அமெரிக்கரை உந்தியது கடன்காரரின் கவலையன்று, கூலிக்காரரின் கவலை. ஆலை நகரங்களில் ஒரு வாரக் கூலியைக் கொடுக்காமல் முதலாளி கையை விரித்துவிட்டால் தொழிலாளி என்ன செய்வார்? கோர்ட்டுச் செலவும் வக்கீல் கட்டணமும் சேர்ந்து அந்தக் கூலியை விழுங்கிவிடும். பாஸ்டன் வழக்கறிஞர் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித் 1919-ல் வெளியிட்ட 'நீதியும் ஏழையும்' என்ற நூல் இந்த அநியாயத்தைத்தான் விரிவாக எடுத்துரைத்தது.

கான்சாஸ் மாநிலம் அதற்கு முன்பே, 1913-ல், ஒரு துணிச்சலான சோதனையில் இறங்கியிருந்தது. ஊரில் நல்ல பெயரெடுத்த ஒருவரைச் சம்பளமில்லாத நீதிபதியாக அமர்த்தி, 20 டாலருக்கு மேற்படாத ஏழைகளின் வழக்குகளை அவரிடம் ஒப்படைத்தது. அங்கும் வக்கீலுக்கு இடமில்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்தை அறிந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதாகப் படாது.

1920-ல் மாசசூசெட்ஸ் செய்த ஏற்பாடுதான் நமக்கு மிகவும் பிடித்தது. மாநிலம் முழுமைக்குமான அந்தச் சட்டம் வக்கீலை விலக்கவில்லை, அவரைத் தேவையற்றவராக்கிவிட்டது. வழக்கு மனுவில் ஒரு சொல் பிசகினாலும் வழக்கே போய்விடும் என்றிருந்த காலத்தில், வாதி தம் குறையை வாய்மொழியாகச் சொன்னால் போதும், கோர்ட்டுக் குமாஸ்தாவே அதை எழுதிக்கொள்வார் என்றாயிற்று. பிரதிவாதிக்கு அழைப்பாணையைப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள்.

இவ்வளவு பரிவோடு கட்டிய வீட்டில் யார் குடியேறினார்கள் என்பதுதான் வரலாற்றின் குறும்பு. கலிபோர்னியா சட்ட இதழில் 1964-ல் வெளியான ஓர் ஆய்வு, வாதிகளில் பெரும்பாலோர் வணிக நிறுவனங்களும் அரசு அமைப்புகளுமே என்று கண்டது. தனிமனிதர் பெரும்பாலும் பிரதிவாதியாகவே வந்து நின்றார். மலிவாகவும் விரைவாகவும் நடக்கும் மன்றம் கூலிக்காரருக்கு எவ்வளவு வசதியோ, தவணைக் கடைக்காரருக்கும் அவ்வளவு வசதிதானே! நியூயார்க் நகரம் நிறுவனங்கள் இம்மன்றத்தில் வாதியாக வரலாகாது என்று விதித்துக் கதவை ஓரளவு காத்துக்கொண்டது.

வக்கீலை விலக்கியதும் முழுமையான விலக்கல்ல. தன் சார்பில் வக்கீலை அனுமதிக்க மறுப்பது செல்லாது என்று புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனம் வாதிட்ட வழக்கில், 1946-ல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. தோற்ற பிரதிவாதி மேல்முறையீடு செய்யலாம். அங்கே வழக்கு முதலிலிருந்து விசாரிக்கப்படும். அங்கே வக்கீல் வரலாம். எனவே உரிமை பறிபோகவில்லை என்பது அதன் காரணம். வாதிக்கோ தம் கோரிக்கையில் தோற்றால் மேல்முறையீடே கிடையாது. இந்த மன்றத்தைத் தேர்ந்துகொண்டவர் அவர்தானே என்கிறது சட்டம். ஆக, தனியாளாக நின்று ஒரு பெரிய நிறுவனத்தை வென்றவர், அடுத்த படியில் அதன் வக்கீலை எதிர்கொள்ள நேரலாம். சமமான களம் என்று இதைச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அந்தப் படியும் தாண்டித் தீர்ப்பு கைக்கு வந்தபின், பணத்தை வசூலித்துத் தருவது மன்றத்தின் வேலையன்று. எதிராளியின் வங்கிக் கணக்கையோ சம்பளத்தையோ பிடிக்க வேண்டுமென்றால் வென்றவர் வேறொரு விண்ணப்பம் எழுதி, அதற்கும் கட்டணம் செலுத்தி, ஆணை பெற்று ஷெரீப்பிடம் கொடுக்க வேண்டும். கணக்கு எந்த வங்கியில் இருக்கிறது என்பதையும் அவரேதான் கண்டுபிடித்தாக வேண்டும்.