பாவாடையை இடுப்புல பாருங்க

இந்த எபிசோட் பாவாடை பத்தி. சிரிக்காதீங்க, இதுல ஒரு வரலாற்றுச் சண்டையே இருக்கு. "சோழர் காலப் பெண்"ணுன்னு இப்போ சுத்துற ஏஐ படங்கள்ல குடை மாதிரி விரிஞ்ச பாவாடையும் தாவணியும் அடிக்கடி வருது. சோழர் காலச் சிற்பிகள் அப்படிச் செதுக்கி வைக்கலை.

தாராசுரம் போய்ப் பாருங்க. ஐராவதேசுவரர் கோயில், 12-ம் நூற்றாண்டுல இரண்டாம் ராஜராஜன் கட்டினது. 2004-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. அங்க இருக்கிற பெண் சிற்பங்கள்ல துணி காலோட ஒட்டியிருக்கும், ரெண்டு காலும் தனித்தனியா தெரியும். இடுப்புல மேகலை, பக்கவாட்டுல தொங்குற துணி முனை. சுருக்கு வெச்சுத் தைச்ச வட்டம் இல்லை. இது சுற்றிக் கட்டுற ஆடை. "உடம்பழகைக் காட்ட சிற்பி துணியை மெல்லிசாக்கியிருப்பான்"னு கேட்டா, நியாயமான சந்தேகம்தான். ஆனா மெல்லிசாக்கினாலும் கட்டு மாறாது. சோழர் காலச் செப்புத் திருமேனிகள்ல உமையோட ஆடையும் இதே கட்டுதான்.

சரி, 'பாவாடை'ங்கிற சொல்? அது பழசுதான், ஆனா பொருள் வேற. பாவுதல்னா பரப்புதல், பாவாடை, பரப்புற துணி. பெரியவங்க நடந்து வர தரையில விரிச்சது நடைபாவாடை. பேரளம் பக்கத்துல திருமீயச்சூர்ல அம்பாள் முன்னால சோற்றைப் பரப்பிப் படைக்கிறதுக்கு இன்னைக்கும் அன்னப் பாவாடைன்னுதான் பேர். இடுப்புக்கே சம்பந்தமில்லாத சொல்!

தாராசுரத்துல தறிக்காரர் வீட்டுலயும் 'பாவு' உண்டு: நீளவாட்டு இழை பாவு, குறுக்கே ஓடுறது ஊடை. சௌராஷ்டிர நெசவாளர்கள் பட்டு நெய்யுற ஊர் அது. பட்டுப் பாவாடையோட வடிவத்தைத் தீர்மானிச்சது டெய்லர் இல்லை, இந்தத் தறிதான்னு நான் சொல்வேன். ஜரிகைக் கரை துணியோட ஓரத்துல நேர்கோடா வருது. அதை வளைச்சு வெட்டினா கரை போச்சு. அதனால துணியை நேராவே வெச்சு, அகலத்தை உயரமாக்கி, நீளத்தை இடுப்புல கொசுவிச் சுருக்கினாங்க. சேலைக்கு நாடா போட்ட மாதிரி. குழந்தை வளர வளரப் பிரிச்சு விட உள்ளே ஒரு மடிப்பு வேற!

லெஹங்கால கலி கலியா, மேல குறுகி கீழ விரியுற துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிறது உண்டு. அதுக்கு இடுப்புல சுருக்கு அவ்வளவா தேவைப்படாது. கீழ இருக்கிற கரையைத் தனியா வெச்சுத் தைப்பாங்க. இடுப்புல கொசுவம் அடர்த்தியா, கரை நெசவோடயே ஓடினா, அது நம்ம பாவாடை. சின்னப் பிள்ளைக்கு நழுவாம இருக்க மேல பாடி வெச்சிருந்தா பாடிப் பாவாடை. இன்ஸ்கர்ட்ல துண்டு தெரியும், கரை இருக்காது.

அந்த இன்ஸ்கர்ட்டும் சேலையோட கூடப் பிறந்ததில்லை. 1860-கள்ல பம்பாய் போய் வந்த ஞானதாநந்தினி தேவி, தாகூர் வீட்டு மருமகள், உள்பாவாடையும் ரவிக்கையுமா சேலை கட்டுற முறையை வங்காளத்துல பரப்பினாங்க. நம்ம ஊர் மடிசாருக்கு நாடாவே வேண்டாம். அதைக் கட்டத் தெரிஞ்ச பாட்டி வீட்டுல இருந்தா, ஒரு தடவை கட்டச் சொல்லிப் பாருங்க. அப்புறம் தாராசுரத்துக்குப் பஸ் ஏறுங்க.