ஆடல் மகளிரும் தொழிலாளர் என்னும் பெயரும்

உழைப்போர் அனைவரும் சட்டத்தின் முன் தொழிலாளர் ஆகிவிடுவதில்லை. கூலி, ஓய்வு, சங்கம் ஆகிய உரிமைகளோ அப்பெயரைப் பற்றியே வருவன. ஆடலைத் தொழிலாகக் கொண்ட மகளிர்க்கு அப்பெயர் எவ்வாறு கிட்டியது, எவ்வாறு மறுக்கப்பட்டது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழகத்தில் இதற்குரிய தெளிந்த பழஞ்சான்று தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டாகும். முதலாம் இராசராசன் பல ஊர்த் தளிகளிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொணர்ந்து குடியமர்த்தினான். ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் கொண்ட ஒரு பங்கும் வகுக்கப்பட்டன. அவர்தம் பெயரும், முன்னிருந்த தளியும், குடியிருந்த தெருவும் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன. நட்டுவம் செய்வோர் முதலிய பிற பணியாளரின் பங்குகளும் அக்கல்வெட்டிலேயே இடம்பெறுகின்றன. பங்குடையார் இறப்பின் அடுத்த முறையுடையார் அப்பங்கைப் பெற்றுப் பணிசெய்தல் வேண்டும். அவர் தகுதியற்றவராயின் தகுதியுடையாரை அமர்த்துதல் வேண்டும் என்பது விதி. எனவே, ஆடல் ஈண்டு ஊதியமும் தகுதியும் வரையறுக்கப்பட்ட பணியாகவே கருதப்பட்டது எனலாம். எனினும், அப்பங்கு அரசன் வகுத்தது. பணிசெய்வோர் கூடிப் பேசிப் பெற்றதன்று.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1929-இல் சென்னை இந்து சமய அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. கோயிற் பணிக்கென மகளிர் துய்த்துவந்த மானிய நிலங்கள் அப்பணிக் கட்டினின்றும் விடுவிக்கப்பட்டன. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடுத்ததோடு, கோயிலில் மகளிர் ஆடுவதையும் விலக்கியது. சிறுமியரைக் காத்தமை இவற்றின் பெருஞ்சிறப்பாகும். ஆயின், ஆடிப் பிழைத்தவர்க்கு இனிப் பிழைப்பு யாது என்னும் வினாவிற்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டம் விடை கூறவில்லை.

அவ்வினா மும்பையில் மீண்டும் எழுந்தது. அங்கு மதுக்கூடங்களில் ஆடிய மகளிரின் வருவாய் பெரும்பாலும் பார்வையாளர் தரும் அன்பளிப்பே. 2005-இல் மராட்டிய அரசு அவ்வாடலைத் தடைசெய்தது; உயர்தர விடுதிகட்கு மட்டும் விலக்களித்தது. ‘பாரதீய பார் கேர்ள்ஸ் யூனியன்’ என்னும் ஆடல் மகளிர் சங்கமும் இதனை எதிர்த்து வழக்காடியது. 2006-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தடையை நீக்கிற்று. 2013-இல் உச்சநீதிமன்றம் அம்முடிபை உறுதிசெய்தது. 2016-இல் அரசு இயற்றிய மற்றொரு சட்டமும் அதன் விதிகளும் 2019-இல் ஆராயப்பட்டன. எழுத்து வடிவான ஒப்பந்தமும், வங்கிவழி ஊதியமும் வேண்டும் என்னும் விதி அப்போது நிலைபெற்றது. திங்கள் ஊதியமே தரல் வேண்டும் என்னும் விதி நீக்கப்பட்டது.

அமெரிக்க நாட்டில் ஆடை களைந்தாடும் மகளிரைத் தற்சார்பு ஒப்பந்தக்காரர் எனக் குறித்து, அவரிடமே மேடைக் கட்டணம் பெறும் வழக்கம் பரவியது. சான் பிரான்சிஸ்கோ நகரின் லஸ்ட்டி லேடி அரங்கில் ஆடியோர் 1996-இல் வாக்களித்துச் சங்கம் கண்டனர். 1997-இல் ஒப்பந்தமும் பெற்றனர். தஞ்சையில் அரசன் வகுத்ததை இவர்கள் தாமே பேசி வகுத்துக்கொண்டனர் என்பது கருதத்தக்கது.

வேலூர், ஆம்பூர்த் தோல் வட்டாரத்தார்க்கு இச்சிக்கல் புதியதன்று. ‘அப்பர்’ என வழங்கும் காலணி மேற்பகுதியை வீட்டிலிருந்து தைக்கும் மகளிர் உருப்படிக் கணக்கிலேயே கூலி பெறுகின்றனர். ஆலையின் பெயர்ப்பட்டியலில் அவர்க்கு இடமில்லை. இதே வட்டாரத்தில் பீடி சுற்றும் மகளிர்க்கோ 1966-ஆம் ஆண்டுச் சட்டம் வழிகாட்டியது. வீட்டிலிருந்து சுற்றுவோரையும் அது தொழிலாளர் எனக் கொண்டது. 1974-இல் உச்சநீதிமன்றமும் அதனை ஏற்றது.

வேலை செய்யும் இடமும், கூலி அளக்கும் முறையும் ஒருவரின் தொழிலாளர் தன்மையை அழிப்பனவல்ல என்பது இதனாற் பெறப்படும். அங்ஙனமாயின், ஆடலின் இயல்பு பற்றிய உவப்போ வெறுப்போ அதனை அழித்தல் எங்ஙனம்? ஆடலை ஒழுங்கு செய்தல் அரசின் கடனாகலாம். ஆடுவோரின் உழைப்பை உழைப்பென ஏற்றல் அதற்கு முற்பட்ட கடனாகும்.